இலாகா மாறிய வீடு

எங்கள் எதிர் வீட்டு மாசிலாமணி டாக்டராகிவிட்டார் என்ற செய்தியைக் குடியிருப்பில் முதலில் சொன்னது நான்தான். ஒட்டுக்கேட்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. கதவும் கதவும் நேருக்கு நேர். நடுவில் நாலடி வராந்தா. காதைக் கழற்றியா வைக்க முடியும்? திங்கட்கிழமை காலை படியிறங்கிப் போகும்போது அவர் பத்தாம் வகுப்பு. வியாழக்கிழமை படியேறி வரும்போது பொதுச் சுகாதாரத்தில் எம்.டி. இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடியை மழித்து ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பட்டமளிப்பு விழா என்றால் அவ்வளவுதான்.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்பதை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஏன் அடிக்கடி மின்சாரம் போகிறது என்று சட்டசபையில் கேட்டதற்கு, அப்போதிருந்த மின்துறை அமைச்சர், "மின்சாரம் நனைந்துவிடுகிறது" என்று பதில் சொன்னார். மேசையைத் தட்டி ஆதரிக்கவும் ஆள் இருந்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், வழக்கு நடந்தது, கடைசியில் தகுதிச் சட்டம் வந்தது. எந்தத் துறைக்கு அமைச்சரோ அந்தத் துறையில் மேல்படிப்புப் பட்டம் வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. படித்தவர்கள் தேர்தலில் நின்றார்கள்; டெபாசிட் போயிற்று. ஜெயித்தவர்களிடம் படிப்பு இல்லை, படித்தவர்களிடம் ஓட்டு இல்லை. எல்லாக் கட்சிகளும் ஒற்றுமையாகத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பட்டம் ஏற்றும் இயந்திரம் வந்தது. நன்றாகப் படித்த ஒருவரின் மூளையில் அந்தப் படிப்பு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று படமெடுத்து, அதே மாதிரி இன்னொருவர் மூளையில் நட்டுவிடுவார்களாம். மூன்று நாள் படுத்திருந்தால் போதும்.

சுவரொட்டியில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டால் பக்கத்திலேயே "ஏற்றியது" என்றும் போட வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. போட்டார்கள், எறும்பு சைஸில். இன்னொரு நிபந்தனையும் உண்டு. கார், காவலர் மாதிரி பட்டமும் அரசாங்கச் சொத்து. இலாகா மாறினால் பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை ஏற்றிக்கொள்ள வேண்டும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசிலாமணிக்குச் சுகாதாரம் கிடைத்தது. பங்களா கொடுத்தும் போகாமல் இந்த இரண்டு படுக்கையறை வீட்டிலேயே இருக்கிறார், என்ன எளிமை என்று பத்திரிகைகள் எழுதின. பங்களாவில் வாசல் தெற்குப் பார்த்து இருந்தது என்று அவர் மனைவி வாசுகி என்னிடம் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதாவது, பி பிளாக் தாண்டிச் சொல்லவில்லை.

எதிர் வீட்டில் டாக்டர் இருந்தால் எனக்கு லாபம்தானே என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, இந்த முட்டியைக் கொஞ்சம் பாருங்களேன். படி ஏறினா உயிர் போகுது."

"அறுபது தாண்டின பெண்கள்ல மூணுல ஒருத்தருக்கு இது இருக்கு தனமக்கா. நகரத்துல இன்னும் அதிகம். எடை, நடைப் பழக்கம், ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பாத்தோம்னா..."

"மாநிலத்து முட்டியை நான் கேக்கலை. என் முட்டியைக் கேட்டேன்."

வாசுகி சமையலறையிலிருந்து சிரித்தாள். "அவரை விடுங்கக்கா. இப்பெல்லாம் ஒத்தை ஆளா யாரையும் பாக்க வரமாட்டேங்குது அவருக்கு. லட்சம் பேரைக் கூட்டிட்டு வாங்க, பாப்பார்."

அவரும் சிரித்தார். நல்ல மனிதர். கவுன்சிலராக இருந்த காலத்தில் ஒரு பொங்கலன்று எங்கள் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, லுங்கியோடு ஓடி வந்து, தோளில் தூக்கிப் போட்டு, ஆட்டோவில் ஏற்றி, அவசரப் பிரிவின் கண்ணாடிக் கதவை உடைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு போனவர். கடைசியில் பார்த்தால் வாயு. உளுந்து வடை செய்த வேலை. "இதுக்கா இவ்வளவு கூச்சல்?" என்று டாக்டர் திட்டினார். "வாயுன்னு எனக்கெப்படி சார் தெரியும்? நான் என்ன படிச்சவனா?" என்று இவர் திருப்பிக் கேட்டார். இந்தக் குடியிருப்பில் பாதிப் பேரை அவர் அப்படித் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். ஒன்றும் தெரியாதவர், அதனால் எதற்கும் ஓடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அமைச்சராகவும் நன்றாகத்தான் இருந்தார். அதிகாரிகள் எழுதிக்கொடுப்பதைத் தலையாட்டிவிட்டுப் படிப்பதெல்லாம் நின்றுபோயிற்று. ஆய்வுக் கூட்டத்தில் ஒரு அதிகாரி புள்ளிவிவரம் படிக்கப் படிக்க, "இந்த வேகத்துல காய்ச்சல் குறையவே முடியாதே, எந்த ஊர்லங்க கணக்கெடுக்கறதை நிறுத்தினீங்க?" என்று கேட்டாராம். அதிகாரிக்கு வேர்த்துவிட்டதாம். இதைச் சொன்னது அவருடைய உதவியாளர் ஜெபராஜ். நல்ல பையன். ஒரு டம்ளர் காபிக்கு அரை மணி நேரம் செய்தி சொல்வான்.

ஆனால் எனக்கு உண்மையான செய்தியாளர் நன்னன்தான். மாசிலாமணியின் ஒரே மகன். ஒன்பது வயது. பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியதும் முதலில் எங்கள் வீட்டு மணியைத்தான் அடிப்பான். "தனம் பெரிம்மா, நியூஸ்! சி பிளாக் மாமா ஹெல்மெட்டுக்குள்ள விக் வெச்சிருக்கார்!" என்பான். நான் பதிலுக்கு ஒரு முறுக்கு கொடுக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கல் எங்களுக்குள் சுத்தமாக நடந்துவந்தது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஊரெங்கும் டெங்கு. சட்டசபை நடந்துகொண்டிருந்தது, சாவுக் கணக்கை மறைக்கிறார்கள் என்று எதிர்க்கட்சி கத்தியது. மாசிலாமணி எழுந்து நின்று, காகிதம் பார்க்காமல், டெங்கு கட்டுக்குள் இருக்கிறது என்று அழகாக விளக்கினார். நூறு பேருக்கு வந்தால் தொண்ணூற்றொன்பது பேருக்கு வீட்டிலேயே சரியாகிவிடும், பதற்றம் வேண்டாம் என்றார். டிவியில் பார்த்தேன். நன்னனும் போர்வைக்குள்ளிருந்து பார்த்தான். அவனுக்கு அன்று நூற்று மூன்று டிகிரி.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. வாசுகி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் ரசம் எடுத்துக்கொண்டு போனபோது பையன் ஒரு பக்கமாகச் சுருண்டு படுத்திருந்தான்.

"என்னடா நியூஸ்?" என்றேன்.

"வயிறு வலிக்குது பெரிம்மா" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

வாசுகி கணவருக்குப் போன் போட்டாள். கையில் மாவு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏங்க, காய்ச்சல் விட்டுடுச்சு. ஆனா ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். வயிறு வலிங்கறான். கை காலெல்லாம் சில்லுனு இருக்கு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று வாசுகி போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. பின்னால் யாரோ மணியடிப்பதும், "ஐயா, உள்ள கூப்பிடறாங்க" என்று ஜெபராஜ் சொல்வதும் கேட்டது.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்." குரல் தாழ்ந்திருந்தது. "நான் வர்ற வரைக்கும் கொஞ்சம் பொறு வாசுகி. வாசல்ல கேமராக்காரங்க யாராவது நிக்கறாங்களா?"

"நேத்துலேர்ந்து நிக்கறாங்க."

"இப்ப நீ அவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா அடுத்த நிமிஷம் டிவியில வரும். எல்லாம் கட்டுக்குள் இருக்குன்னு எதிர்க்கட்சிக்கு நான் பதில் சொல்லிட்டிருக்கேன். கஞ்சித் தண்ணி குடு. சாயங்காலம் நானே வந்து பாக்கறேன்."

"ஆட்டோ கூப்பிடட்டுமா வாசுகி?" என்று நான் கேட்டேன்.

"அவரே டாக்டராச்சேக்கா. அவர் சொல்லிட்டாரில்ல" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்து தூக்கிக்கொண்டு ஓடினார். பழைய மாதிரிதான் ஓடினார். மறுநாள் காலை நன்னனை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

எத்தனையோ சாவு வீடு பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மாசிலாமணி அழவில்லை. மாலையோடு வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு, "காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தாங்க ஆபத்து. ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். கை கால் சில்லுனு ஆகறது அதனாலதான். காலையிலயே சலைன் ஏத்தியிருந்தா பொழைச்சிருப்பான்" என்று சொன்னார். கட்சிக்காரரிடம் சொன்னார். இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னார். முதலமைச்சர் வந்தபோது அவரிடமும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இலாகா மாற்றம் அறிவித்தார்கள். மாசிலாமணிக்குக் கைத்தறித் துறை. மூன்று நாள் படுத்து எழுந்து வந்தார். காதுக்குப் பின்னால் புதிய பிளாஸ்திரி. மறுநாள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, நன்னனை அங்க பாத்தீங்களா? வேன் வர்ற நேரமாச்சு, ஆளைக் காணோம்."

அவருக்குப் பின்னால் வாசுகி. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

பேச்சுக்குப் பெயர்போன நான், "குளிச்சிட்டிருப்பான் தம்பி" என்று என்னவோ உளறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜெபராஜைப் படிக்கட்டிலேயே மடக்கினேன்.

"கீரையைப் பிடுங்கினா வேர்ல மண்ணும் ஒட்டிக்கிட்டு வரும்லக்கா? அது மாதிரிதானாம்" என்றான். "பையன் சாவு பூராவும் ஐயாவுக்கு அந்த டாக்டர் படிப்போடதான் பின்னிக் கிடந்திருக்கு. படிப்பை எடுத்தாங்க, அதுவும் சேர்ந்து வந்துடுச்சு. ஐயா ஞாபகத்துல பையன் இருக்கான். அவனுக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எதுவும் இல்ல."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா கேப்பார். தூங்கி எழுந்தா போயிடும். பிடுங்கின இடத்துல வேற எதுவும் வேர் பிடிக்காதாம்."

அப்படியும் வாசுகி சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை சொன்னபோது அவர் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. மறுநாள் காலை, "நன்னன் எங்க?" இரண்டாம் தடவையும் அதே சத்தம், அதே காலை. மூன்றாம் தடவைக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் காலைப் புடிச்சிக்கிட்டு, ஏன்டி முன்னாடியே எங்கிட்ட சொல்லலைன்னு அழறாருக்கா. நான் என்ன பதில் சொல்லட்டும்? தினம் தினம் புள்ளையைச் சாகடிக்க என்னால முடியாது."

அதனால் உயிரோடு வைத்துக்கொண்டாள். நன்னன் ஏற்காட்டில் ஒரு உண்டுறைவிடப் பள்ளிக்குப் போயிருக்கிறான், அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது, வார்டன் கண்டிப்பானவர். குடியிருப்பு முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டது. கட்ட வைத்தது நான். நான் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்தே மற்றவர்களுக்கு விஷயம் எவ்வளவு பெரிது என்று புரிந்துவிட்டது. கட்சிக்காரர்களை ஜெபராஜ் பார்த்துக்கொண்டான்.

செத்தவன் படத்தை அந்த வீட்டில் மாட்ட முடியுமா? மாலையும் பொட்டும் வைத்த நன்னன் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டான். அவர் தலைமைச் செயலகம் போன பிறகு வாசுகி வருவாள். விளக்கேற்றுவாள். கொஞ்ச நேரம் அழுவாள். அழுதது தெரியாமல் எங்கள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, மகன் விடுதியில் படிக்கும் ஒரு அம்மாவாகத் திரும்பிப் போவாள்.

கைத்தறி அமைச்சரும் நல்ல அமைச்சர்தான். வராந்தாவில் என் சேலைத் தலைப்பை இரண்டு விரலால் உரசி, "இது கைத்தறி இல்லக்கா, விசைத்தறி. ஏமாத்திட்டாங்க" என்று சொல்லி என் பொங்கலைக் கெடுத்தார். பவானிக்குப் போனபோது பையனுக்கென்று சின்னதாக ஒரு ஜமக்காளம் நெய்யச் சொல்லி வாங்கி வந்தார். ஏற்காடு குளிருமே. வாசுகி அதைக் கொரியரில் அனுப்பிவிட்டதாகச் சொல்லி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

ஆனியில் ஒரு நாள் வந்தவள் விளக்கேற்றவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பள்ளிக்கூடம் திறந்துட்டாங்கல்ல, ஷூ வாங்கப் போறாராம். சைஸ் என்னன்னு கேக்கறார். எட்டு மாசத்துல எவ்வளவு வளர்ந்திருப்பான்க்கா?"

நான் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு சைஸ் கூடுதலாக வாங்கச் சொல் என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம்.

"என் புள்ளை போனது எனக்குத் தெரியும். ஆனா அவனை நான்தான் வளர்த்துக்கிட்டு இருக்கேன். பல்லு விழுந்து முளைக்க வெக்கறேன். பரீட்சை எழுத வெக்கறேன். கணக்குல மார்க் கொறைஞ்சிடுச்சுன்னு சொன்னேன், பரவாயில்ல, திட்டாதேன்னார்."

அப்போதுதான் நான் வாயை விட்டேன். ஜெபராஜ் இரண்டாவது டம்ளர் காபியில் கசியவிட்டதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? "வாசுகி, கோவிச்சுக்காதே. இலாகாவை மேலிடம் மாத்தலையாம். தம்பியேதான் போய்க் கேட்டு மாத்திக்கிட்டாராம்."

அவள் திடுக்கிடவில்லை. "தெரியும்க்கா. பட்டத்தை எடுக்கறதுக்கு வீட்டுக்காரி சம்மதம் வேணும். கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"என்ன போகும்னு தெரிஞ்சா போட்டே?"

"தெரிஞ்சுதான். அந்த ஃபோன்ல அவர் பேசாம இருந்தாருல்ல, நீங்களும்தான் கூட இருந்தீங்க. அப்பவே அவருக்குத் தெரியும். என்ன ஆகப்போகுதுன்னு ஒவ்வொண்ணும் தெரியும். அந்தப் படிப்பு மண்டைக்குள்ள இருக்கற வரைக்கும் அந்த ஒரு நிமிஷம் ஓடிக்கிட்டே இருக்கு, என்னால முடியலை வாசுகின்னார். போடுடின்னு கையெடுத்துக் கும்பிட்டார். போட்டேன்."

"உனக்கு ஒண்ணும் பண்ண முடியாதாமா?"

"எனக்கு எதை எடுப்பாங்க? நான் எதையும் ஏத்திக்கலையே. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நானே பட்டது."

ஷூவை அவளே போய் வாங்கினாள். அதுவும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது.

மறுபடி ஐப்பசி. மறுபடி மழை, கொசு, காய்ச்சல். புதிதாகச் சுகாதாரம் பார்த்தவர், பட்டம் ஏற்றியிருந்தும், டிவிக்காரர்கள் முன்னால் மைக்கை முறைத்துக்கொண்டு நிற்கிற ஆள். பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று முதலமைச்சர் மாசிலாமணியைத் திரும்பக் கூப்பிட்டார். நெசவை எடுத்தார்கள், மருத்துவத்தை வைத்தார்கள். சம்மதக் கையெழுத்தை இந்த முறையும் வாசுகிதான் போட்டாள்.

"இனிமே சொன்னா நிக்குமாம்க்கா" என்று ஜெபராஜ் என் காதில் போட்டான். "வேர் பிடிக்க இடம் வந்துடுச்சுங்கறாங்க. பழசு தானா வராது. ஆனா யாராவது சொன்னா, அப்புறம் போகாது. ஐயா காதுல எதுவும் விழாம பாத்துக்கச் சொல்லுங்க."

அதை நான் வாசுகியிடம் சொன்னேன். அவள் படத்து விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள்.

"சொல்லப் போறியா?"

"தெரியலைக்கா."

"அவரே கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னு கேட்டுக்கிட்ட மனுஷன்."

"அவர் கேட்டார். என்னை யாரு கேட்டா?" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ராத்திரி அறிக்கை எழுதி வெச்சுப் படிச்சுப் பாக்கறார். டெங்கு கட்டுக்குள் இருக்கிறது, பதற்றம் வேண்டாம். அதே வரிக்கா. படிப்பு பூரா அவருக்குத் திரும்ப வந்துடுச்சு. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணினார்ங்கறது மட்டும் வரலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் அங்கே போனதற்கு என் முட்டிதான் சாக்கு. மாசிலாமணி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்தார். வாசுகி கீழே முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. மாநிலத்து முட்டி எப்படி இருக்கு?" என்றார். அந்தக் கேலி மட்டும் மறக்கவில்லை.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள் வாசுகி. காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரு பையனுக்குக் காய்ச்சல். மூணாம் நாள் காலையில விட்டுடுச்சு. விட்ட பிறகு வயிறு வலிக்குதுங்கறான். வாந்தி. கை கால் சில்லுனு போயிடுச்சு. அது என்ன?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனாவை மூடினார். "எப்ப? இப்பவா? எந்த பிளாக்?"

"இப்ப இல்ல. போன வருஷம்."

"காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் வாசுகி ஆபத்தே. ரத்தக் குழாய்லேர்ந்து தண்ணி கசிய ஆரம்பிக்கும். அந்த நிமிஷமே தூக்கிட்டு ஓடணும். ஆஸ்பத்திரிக்குப் போனாங்களா?"

"போகலை. சாயங்காலம்தான் போனாங்க."

"சாயங்காலமா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நெற்றி நரம்பு புடைத்தது. "பையன் வயசு என்ன?"

"ஒன்பது."

"எந்த மடையன்டி அவன்? ஒரு ஆட்டோ கூடவா கிடைக்கலை? இதுக்குத்தான் கிராமம் கிராமமா விழிப்புணர்வு வேணும்னு தலையால அடிச்சுக்கறேன். படிக்காதவங்களைச் சொல்லியும் குத்தமில்ல."

"படிச்சவர்தான்."

"என்ன படிச்சவர்?"

வாசுகி ஒரு காயை ஒடித்தாள். நாரை முழுதாக இழுத்து எடுத்தாள். "உங்க படிப்புதான்."

"எம்.டி-யா? அப்ப தெரிஞ்சிருக்குமே!"

"தெரிஞ்சிருந்தது."

"தெரிஞ்சுமா? என்ன வேலை பாக்கறார்?"

"அரசியல்ல இருக்கார்."

அவர் என்னைப் பார்த்தார். இந்த ஊரில் நடப்பது எல்லாம் தெரிந்தவள் என்று என்னை அவர் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறார். நான் என் முட்டியைப் பார்த்துக்கொண்டேன். அறிக்கைத் தாள் அவர் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"வாசுகி" என்றார். "நன்னன் ஹாஸ்டல் நம்பரைப் போடு."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். போன் பக்கத்திலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"போடு வாசுகி. ஒரு தடவை பேசிடறேன்."

அவள் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குமேல் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பி பிளாக்கில் எல்லோரும் இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நான் எழுந்து வந்து, அவர்கள் கதவைச் சாத்தி, என் கதவையும் சாத்தி, சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன்.